சுற்றி வர முடியாத ஊர்

ஜூன் 9, திங்கள்

காலை ஆறரைக்கே வெயில். மலை மேல் ஒரு துண்டு மேகம். எட்டு மணிக்கு அதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை: 1. கேஸ் சிலிண்டர் பதிவு. 2. பி.பி. மாத்திரை. 3. கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ். 4. கவிதாவுக்குப் பதில்.

முதல் மூன்றும் பத்தரைக்குள் முடிந்தன.

மகள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. அம்மாவின் சாம்பலை அங்கேயே ஆற்றில் கரைக்கட்டுமா, இங்கே அனுப்பட்டுமா. நெதர்லாந்து சட்டப்படி ஒரு மாதம் தகன நிலையத்திலேயே இருக்க வேண்டுமாம். சனிக்கிழமையோடு மாதம் முடிகிறது. ஆற்றில் கரைக்க அனுமதி எல்லாம் விசாரித்துவிட்டாள். வெள்ளிக்குள் நான் சொல்ல வேண்டும்.

சரோஜா போய் இருபத்தாறு நாள். மகளைப் பார்க்கப் போன இடத்தில். அழுகை வரவில்லை. விசா முடிந்து தனியாக விமானத்தில் திரும்பியபோதும் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தயிர் டப்பாவைப் பிரிக்கத் தெரியவில்லை. பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் நினைவில் இருக்கிறது.

மதியம் ரசம். நேற்றையது.

ஜூன் 10, செவ்வாய்

அனல் காற்று. மின்சாரம் இரண்டு முறை போனது.

சரோவின் தம்பி ஏழுமலை அடி அண்ணாமலையிலிருந்து வந்தான். நாளை பௌர்ணமி. மோர்க் கடை போடுகிறான். நம் வீட்டுப் பெரிய அண்டா வேண்டுமாம். அண்டா ஒரு சாக்கு.

"போட்டோ வச்சி கருமாதி முடிச்சிட்டோம் மாமா. மிச்சம் இது ஒண்ணுதான். அக்கா இங்க வந்து சேரணும்."

"கவிதா அங்கயே கரைக்கணும்னு நெனைக்கிறா."

"அது சின்னப் பொண்ணு மாமா."

"நாப்பத்தொண்ணு ஆவுது."

"ஆவட்டுமே. அது இன்னா ஊரு, பேரே வாயில நொழைய மாட்டேங்குது."

தெவெந்தர் என்றேன். நம் திருவண்ணாமலை மாதிரி என்று ஆரம்பித்தேன். வாத்தியார் பழக்கம், விடாது. ஆற்றங்கரை ஊர். அந்தக் காலத்தில் கப்பல்கள் வந்து நிற்கும், கருவாடும் துணியும் கைமாறும். வரும் சரக்கை நிறுக்க என்றே ஒரு கட்டடம், இன்றும் இருக்கிறது. கப்பல் வியாபாரம் போய்விட்டது, ஆனால் ஊர் தன் வேலையை விடவில்லை. செங்கம், கலசபாக்கம் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் நம் டவுனுக்கு வருவதில்லையா, அப்படிச் சுற்றுப்பட்ட கிராமத்து ஜனம் எல்லாத் தேவைக்கும் அங்கேதான் வரும். கவிதா இருப்பதும் கிராமம்தான். அதனால்தான் ஆம்புலன்ஸ் சரோவை அங்கே கொண்டுபோனது.

எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "வேல முடிஞ்சா ஜனம் கடைசி பஸ்ஸ புடிச்சி ஊருக்குத் திரும்பிடுது இல்ல மாமா? அக்காவும் திரும்பட்டும்."

முப்பத்து மூன்று வருடம் புவியியல் வகுப்பில் நான் சொன்னதுதான் இது. மைய நகரம் என்றால் வந்து போகிற இடம்.

"டீ போடவா?"

"வேணாம். நீங்க போடற டீய அக்காவே குடிக்க மாட்டா."

சிரித்தான். நானும் சிரித்ததாக ஞாபகம். அண்டாவை வண்டியில் கட்டிக்கொண்டு போனான்.

ஜூன் 11, புதன். பௌர்ணமி

வேங்கிக்கால் வரை பஸ்கள் நிற்கின்றன. ஆட்டோ சத்தம். நான் போகவில்லை. சர்வீஸ் முடிந்த பிறகு ஒரு பௌர்ணமி விடாமல் இரண்டு பேரும் மலை சுற்றினோம். இன்று வாசல் கேட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கால் வலிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஏப்ரலில் நடந்ததை எழுதி வைக்கிறேன், மறந்துவிடும்.

தெவெந்தரில் கவிதா எங்களைச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அரை மணியில் வழி தவறினோம். இங்கே எந்தத் தெருவில் விட்டாலும் மலையைப் பார்த்தால் திசை தெரியும். அங்கே மலையே இல்லை, தரை பலகை மாதிரி. நான் விழித்தேன். சரோ சர்ச் கோபுரத்தைக் காட்டினாள். ஒரே கோபுரம், எங்கிருந்தும் தெரியும்.

"அத வலது கைப்பக்கம் வச்சிக்கினு நடங்க. சுத்தினா பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுவோம்."

புவியியல் வாத்தியார் நான், தலையாட்டிக்கொண்டு பின்னால் போனேன். செங்கல் வீடுகள், சைக்கிள்கள், மறுபடி செங்கல் வீடுகள். நாற்பது நிமிடம். தெரு முடிந்தது. எதிரே தண்ணீர். ஐசல் ஆறு, ஒரு சரக்குப் படகு மெதுவாகப் போனது. ஆற்றங்கரை ஊர் பாதித் தட்டு மாதிரி, ஒரு பக்கம் ஆறு வெட்டிவிடும். சுற்றி வர முடியாது. போர்டில் எத்தனை முறை வரைந்திருப்பேன்.

"இது இன்னாங்க, பாதி கிரிவலம்" என்றாள்.

ஆள் ஏற்றும் சின்னப் படகு ஒன்று அக்கரைக்குப் போனது. அவள்தான் முதலில் ஏறினாள். அங்கே ஒரு பெஞ்சு. கைப்பையிலிருந்து முறுக்கு எடுத்தாள். "இங்கருந்து பாத்தாதான் ஊரு முழுசா தெரியுது." ஒரு மணி நேரம் இருந்தோம். வழி தவறியதைக் கவிதாவிடம் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அன்று சாயந்திரமே சரோ சொல்லிவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

தாளை இரண்டாக மடித்துக் கோடு போட்டேன்.

இங்கே: அவள் பிறந்த ஊர். ஏழுமலை. வழக்கம்.
அங்கே: கவிதா.

மூன்றுக்கு ஒன்று. இங்கே என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததில் நிம்மதியோ வருத்தமோ இல்லை. விடைத்தாள் கட்டைக் கட்டி வைத்த மாதிரி.

நாலு மணிக்கு மழை. கொடியில் துணி இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மதியம் ஒன்றரைக்குக் கவிதாவுக்கு ஃபோன். அங்கே காலை பத்து. சந்தையில் இருந்தாள், பின்னால் ஆள் சத்தம், சைக்கிள் மணி.

இங்கே அனுப்பிவிடு என்றேன். காரணமும் சொன்னேன். மைய நகரம், வந்து போகிற ஜனம், கடைசி பஸ். பத்தாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகவே சொன்னேன்.

அவள் சந்தையை விட்டு விலகி நடந்தாள் போல, பின்னால் சத்தம் அடங்கியது.

"நான் திரும்பலையேப்பா."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பதினாலு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல எனக்குன்னு பொறந்தவங்க யாரும் இல்ல. எனக்குன்னு செத்தவங்க, அம்மா ஒருத்தங்கதான்."

கோடு போட்ட தாள் மேசை மேலேயே இருந்தது. அந்தப் பக்கம் ஒரே ஒரு பெயர்.

"அப்ப நீயே வெச்சிக்கோம்மா. படகு ஏறி அந்தாண்ட கரைக்குப் போ. பெஞ்சு இருக்கும். அங்க கரைச்சிடு."

அழுதாள். அவள் முடிக்கும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சாயந்திரம் பஸ் பிடித்து அடி அண்ணாமலை. ஃபோனில் சொல்கிற விஷயம் இல்லை. ஏழுமலை அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை. அடிப்பக்கத்துக்கு வந்ததும் கேட்டான்:

"அந்த ஆறு எங்க போயி சேருது மாமா?"

"ஒரு பெரிய ஏரிக்கு."

"கடலுக்குப் போவாதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நடுவுல நீளமா ஒரு அணை. நம்ம சாத்தனூர் மாதிரி ஷட்டர் வெச்சிருக்காங்க."

"எப்ப தொறப்பாங்க?"

"கடல் தண்ணி எறங்கறப்ப. அநேகமா தெனமும்."

"தெனமும் தொறக்கறாங்களா?"

"ஆமா."

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தான். "அப்ப சரி." உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்தான்.

உப்பு கம்மி. சொல்லவில்லை. குடித்தேன்.