ஒரு மணி பத்து நிமிடம்

அப்பா,

உங்கள் பையின் ஜிப்பில் நான் முடிச்சுப் போட்டிருந்த காஸ் துணிதான் முதலில் கண்ணில் பட்டது. பிடி ஒடிந்திருந்ததால், நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக் கழிவிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்து கட்டியிருந்தேன். வெள்ளைத் துணி பழுப்பாகிக் கிடந்தது. உங்களை அடக்கம் செய்து ஒன்றரை மாதம் கழித்து, இன்றுதான் பை வீடு வந்தது. மாலத்தீவில் உங்களோடு ஹோட்டல் சமையல் வேலை பார்த்த வத்திராயிருப்பு மாமா கொண்டுவந்தார்.

எட்டாவதோடு நின்றவள் என்று நீங்கள் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் யாரிடமும் வாய் திறக்காதவள், போனில் உங்களிடம் மட்டும் ஓயாமல் பேசுவேன். ரயில் நேரமோ, மழையோ, எதுவானாலும் என்னிடம்தான் கேட்பீர்கள். "செல்லுல பாத்துச் சொல்லுட்டி. நீ சொன்னாச் சரியா இருக்கும்."

அன்று மத்தியானமும் கேட்டீர்கள். நெஞ்சைப் பிடிக்கிறது, தலைநகர் மாலேக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்கிறார்கள், அம்மாவிடம் சொல்லாதே என்றீர்கள். மாலேயிலிருந்து உங்கள் ஹோட்டல் இருந்த கன் தீவுக்குச் சமையல் சாமான்களோடு படகில் போனவர் நீங்கள். விமானம் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாது. "இன்னைக்கே போகணுமா, நாளைக்குப் போவமா?"

பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிடம். எனக்குத் தெரிந்த பயணமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்தான். ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். விமானமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"ஒரு மணி நேரந்தானப்பா. செத்த படுங்க, காலையில போங்க" என்றேன்.

அன்றைக்கு உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தபோது மாமா அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"அன்னைக்கு சீட்டு இருந்துச்சுக்கா. பையத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாவ. பொறவு யாருக்கோ போன் போட்டாவ. 'ஒரு மணி நேரந்தானாம்லே, நாளைக்குப் போவம்'னு பைய வச்சிட்டாவ. யாரு சொன்னான்னு கேட்டேன். பெருமையாச் சிரிச்சாவ."

மறுநாள் விமானத்தில் இடமில்லையாம். அதற்கு மறுநாள் விடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள் சிரித்தீர்களாமே அப்பா. அந்தச் சிரிப்பு எனக்காக என்பது இந்த உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எந்தப் பாவி சொன்னானோ, அவன் வெளங்குவானா" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமா இருக்கும்போதே, "நாந்தாம்மா சொன்னேன்" என்றேன்.