சீட்டின் உயரம்

வியாழக்கிழமை, இரவு

எழுத்து இன்று கோட்டை விட்டு ஓடுகிறது, மன்னிக்க வேண்டும், டீச்சர். எழுதப் பழகி நாலு மாதம்தான் ஆகிறது. அதோடு என் கட்டை விரலைத் தம்பி கடித்துவிட்டான். "கடித்தான்" என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே சைக்கிள். ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவனுக்கு. பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும் என்றார் ரிஷிவந்தியம் சைக்கிள் கடைக்காரர். அப்படியே சீட்டை ஏற்றினேன். முழங்கால் வலி போயே போய்விட்டது. தம்பி குள்ளம். தன் முறை வந்தால் இறக்கிவிடுவான். நேற்று நட்டை முழு பலத்தோடு முடுக்கி, ஸ்பேனரை ஒளித்து வைத்தேன்.

இன்று கால் எட்டாமல் கரும்புக் கொல்லை வளைவில் விழுந்தான். மோவாய் கிழிந்து ரத்தத்தோடு வந்து, காற்றடிக்கும் பம்பால் என் முதுகில் விளாசினான். நான் அவன் முகத்தை மண்ணில் வைத்து அழுத்தினேன். அப்போதுதான் கடித்தான்.

"இன்னாண்ணா, என்னைக் கொல்லப் பாத்தியா?"



என் மனைவி ஒரு குடம் தண்ணீரை எங்கள் மேல் கொட்டினாள். "ரெண்டு கெழமும் செத்தா அந்த சைக்கிளாவது நிம்மதியா இருக்கும்!"

அவன் முன்னாலேயே சீட்டை இறக்கி, ஸ்பேனரையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான்.

சாப்பிட்டபின் போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். நாளை என் முறை. சீட் ஏறியிருந்தது. உட்கார்ந்து குதிகாலை வைத்தேன். கால் நேராக நின்றது.

விரல் ஆறட்டும். அடுத்த வாரம் கோட்டின் மேலேயே எழுதுவேன்.