மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில்

மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனா போனது. பிடித்து நிறுத்திவிட்டேன். நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை உன் படங்களில் தினம் மூன்று வேளை பார்க்கிறோம்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், உள்ளே இரண்டு பேர் இருக்கும்போது, லிஃப்டை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நிறுத்திவைத்துப் பதினொரு நிமிடம் என் பெருமையை நானே பேசினேன். இருபத்திரண்டு வருடமாக, நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே அடைத்தது இதுதான் முதல் தடவை. காரணம் நீ.

இதைப் போனில் அனுப்பியிருந்தால் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். அதோடு, என் போனை உன் அக்காள் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். அதனால்தான் தாள்.

எங்கள் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறதாம். நாங்கள் முதுகுக்குப் பின்னால் டார்கெட் என்றுதான் சொல்கிறோம். வந்த வாரமே மெக்கானிக்குகளை உட்காரவைத்து, இனிமேல் ரிப்பேர் பார்த்தால் மட்டும் போதாது, மாதக் கடைசிக்குள் ஆளுக்கு ஒரு புதுப் பராமரிப்பு ஒப்பந்தமாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும், முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஃபேன் ரிப்பேர் செய்யலாம் என்றார். எனக்கு வயது நாற்பத்தொன்பது. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு ஃபேன்.

உன் அக்காள் உடனே உனக்குப் போன் போட்டாள். ஊருக்கெல்லாம் பேசி ஆள் பிடிக்கச் சொல்லித் தருகிறவன் சொந்த மாமாவுக்குச் சொல்லித் தர மாட்டானா என்றாள். நீயும் எட்டுப் பாடம் வீடியோவாக அனுப்பினாய். பாவம், மாமாவுக்கு நாலு பேரோடு பேசத் தெரியாது, நான்தான் தூக்கிவிடுகிறேன் என்று நீ சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் என் காதுக்கு வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கையே தூக்கிவிடுகிற ஆள் நீ ஒருத்தன்தான்.

முதல் பாடம், கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பது. சிரித்தேன். உன் அக்காள் கதவைத் திறந்து பார்த்தாள். சாத்திவிட்டுப் போனாள்.

இரண்டாவது, நான் யார் என்பதை ஒரே வரியில் சொல்வது. 'நான் மனிதர்களை மேலே கொண்டு போகிறேன்' என்று நீயே எழுதிக் கொடுத்தாய். நானும் அதை விசிட்டிங் கார்டில் அடித்துவிட்டேன். ஆபீசுக்கு டீ கொண்டு வருகிறவர்கூட, "என்னண்ணே, இன்னிக்கு எத்தனை பேரை மேலே அனுப்பினீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் கிளாஸை வைக்கிறார்.

மூன்றாவது, கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போய்ப் புதிதாக ஐந்து பேரோடு பேசுவது. எனக்குத் தெரிந்து அந்த வாரம் கூட்டம் கூடியது உன் சித்தப்பா வீட்டில். அவர் இறந்ததற்கு. உனக்கு வர நேரமில்லை, ரோஜாப்பூப் படம் அனுப்பியிருந்தாய். நான் போனேன், பேசினேன். நாலாவது ஆள் ஏதோ பெரிய கட்டடத்தில் குடியிருப்பதாகச் சொன்னதும் கை தன்னால் பைக்குள் போய்விட்டது. கார்டை வாங்கி அந்த ஒரு வரியைப் படித்தார். படுக்கவைத்திருந்தவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கார்டை இரண்டாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அதிலிருந்து நாலு நாள் உன் அக்காள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசியது, சத்தமாக.

இப்போது உன் ஐந்தாம் பாடத்துக்கு வருகிறேன். நீ கோட் போட்டுக்கொண்டு சொல்கிறாய்: "லிஃப்ட்ல ஒரு பெரிய மனுஷர் உங்ககூட ஏறுறார்னு வெச்சுக்குங்க. அவர் இறங்குறதுக்குள்ள, முப்பது செகண்டுல, உங்களை அவர்கிட்ட வித்துடணும்." மச்சான், நீ லிஃப்டுக்குள் நிற்கிறவன். நான் அதன் கூரை மேல் நிற்கிறவன். முதலில் சொன்ன அந்தக் கட்டடத்தில் தரையிலிருந்து ஆறாம் மாடிக்கு இருபத்தொரு செகண்ட். அதிலும் பாதி நேரம் ஜனங்கள் நம்பரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் முப்பது செகண்ட் எந்த லிஃப்டில் கிடைக்கிறது?

அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பக்கத்தில் எழும்பியிருக்கும் புதுக் கட்டடத்தின் நாலு லிஃப்டையும் யாரிடம் கொடுப்பது என்பது அவர் கையில். அது கிடைத்தால் என் வேலை நிலைக்கும். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஏறினார், நானும் ஏறினேன். ஐந்தாம் மாடிப் பல் டாக்டரம்மாவும் ஏறினார். மூன்றாம் மாடி தாண்டும்போது நான் இன்னும் என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். லிஃப்டை நிறுத்துகிற சாவியைத் திருப்பினேன். லிஃப்ட் நின்றது.

அதற்கப்புறம் நான் பேசியதை எனக்கே நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம், நேர்மை, நம்பிக்கை, எங்கள் லிஃப்ட் நடுவழியில் நிற்கவே நிற்காது என்பது வரைக்கும் போய்விட்டேன். "தம்பி, இது எப்போ நகரும்?" என்று செயலாளர் கேட்டார். முதல் பாடத்துச் சிரிப்பைச் சிரித்தேன். "நான் எல்லாரையும் வாயைத் திறங்கன்னுதான் சொல்வேன். மூடுங்கன்னு சொல்றது இதுதான் முதல் தடவை" என்றார் டாக்டரம்மா. செயலாளர் அபாய மணியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. வாட்ச்மேன் பயந்துபோய் மெயினை அணைத்து மறுபடி போட, லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. இறங்கும்போது கார்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். புகார்க் கடிதத்தில் குண்டூசி குத்தி அதைத்தான் இணைத்திருக்கிறார்.

டார்கெட் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். லிஃப்ட் பழுதாகி நின்றதா, நான் நிறுத்தினேனா? பழுது என்றால், போன வாரம்தான் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். லைசென்ஸ் போய்விடும், அப்புறம் எந்தக் கம்பெனி லிஃப்டையும் தொட முடியாது. நானே நிறுத்தியது என்றால் அது அளவு மீறிய விற்பனை ஆர்வம். ஒரு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான். நான்தான் நிறுத்தினேன், என் மச்சான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு நிறுத்தினேன் என்றேன். அந்த மனிதர் முகத்தில் முதல் தடவையாக எனக்கென்று கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

திங்கட்கிழமை விசாரணை. உனக்குப் போன் வரும். ஆமாம், தேவைப்பட்டால் லிஃப்டை நிறுத்தியாவது பேசலாம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நீ சொல்ல வேண்டும். உன் பெயர் கெடும். கெடட்டும். கெட்ட பெயரும் ஒரு விளம்பரம்தான் என்று ஏழாம் பாடத்தில் நீயே உளறியிருக்கிறாய். இத்தனை வருடம் என் கை பேசியது, நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அதைத் திறக்கவைத்தது நீ. அந்த ஒரு பொய்யையாவது எனக்காகச் சொல். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். கேட்கத் தெரியாதவன் என்றுதானே ஊரெல்லாம் சொன்னாய்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கோட் உனக்குப் பொருந்தவில்லை. நன்றாக இரு. திட்டுவதற்கு எனக்கு வேறு மச்சான் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டியவன்

பின்குறிப்பு: படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்ல, ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன கான்டாக்ட் இருக்கும். அது தேய்ந்தால் லிஃப்ட் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும். போன வாரம் நான் அங்கே போனது மூன்றாம் மாடியில் அதை மாற்றத்தான். மாற்றியதாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாற்ற வேண்டிய நேரத்தில் மேலே மெஷின் ரூமில் உட்கார்ந்து உன் ஐந்தாம் பாடத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை முதல் வேலையாகப் போய் மாற்றிவிட்டேன், யாரும் பார்க்கவில்லை. லிஃப்டை நிறுத்துகிற சாவி செவ்வாய்க்கிழமை என்னிடம் இல்லவே இல்லை. வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அக்காள் அன்று அதைத் துடைத்து மாட்டியிருக்கிறாள். இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.