ரீற்றாவின் காலை முட்டை

மார்ச் 12, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஜெனிற்றா இன்று மகளோடு வந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பரம்பரையாய் வரும் நோய்; புரதம் மூளைக்கு நஞ்சாகிவிடும். பிறந்த மாதமே கண்டுபிடித்ததால் முட்டை, மீன், பசுப்பால் எதுவும் கொடுக்காமல் இந்த நோய்க்கென்றே செய்த தனிப் பால்மாவில் வளர்க்கிறாள். இப்போது ஆறு வயது. என் முன்னால் நின்று மூன்றாம் வாய்ப்பாடு சொன்னாள். ஓரிடத்தில் பிழைவிட்டு, நான் வாய் திறக்குமுன் தானே திருத்தினாள்.

“ஆனாலும் படிப்பிலை பின்தங்கிப் போவாளோ எண்டு பயமாக் கிடக்கு, அன்ரி. கவனிக்காமல் விட்ட பிள்ளையள் கதைக்கவும் பழகாதாம். தலைமயிர் செம்பட்டையாப் போகுமாம். உடம்பிலை பூஞ்சணம் பிடிச்ச மணம் வருமாம்,” என்றாள் ஜெனிற்றா. பிறகு சுவரில் இருந்த என் இளைய மகளின் படத்தைப் பார்த்தாள். “உங்கடை ரீற்றாவுக்கு என்ன வருத்தம்?”

“மூளைக்காய்ச்சல்,” என்றேன். மூத்தவளின் கலியாணம் குழம்பக்கூடாதென்று அன்று தொடங்கிய பொய்.

ரீற்றாவின் மயிரைப் பார்த்து, வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி என்று ஊர் சொன்னபோது பெருமைப்பட்டேன். அவள் தலையணையில் அந்த மணம் இருந்தது; உடுப்புத் தோய்க்க வந்தவளை ஏசினேன்.

பதினொரு வயதில் இறக்கும்வரை ரீற்றா ‘அம்மா’ என்று சொன்னதில்லை. உன் மகள் தன் பிழையைத் தானே திருத்துகிறாள் என்று ஜெனிற்றாவுக்குச் சொல்லியிருக்கலாம். அந்தப் பயம் தீர்ந்தால் அவள் இங்கே வரமாட்டாள். இந்த வீட்டில் எனக்குக் கதைக்க வேறு யாருமில்லை.

ரீற்றா தேறவேண்டுமென்று தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் என் கையாலேயே ஊட்டினேன். ஒரு நாளும் தவறவிடவில்லை.