பதிவுப் பொத்தானின் நிழல்

மார்ச் 3
மாத முடிவில் என் சோதனைக் காலம் முடிகிறது. நிரந்தரமா, வீடா என்று அன்றைக்குத் தெரியும். அதுவரை எனக்கு ஒரே வேலை: மருத்துவமனை முன்பதிவு செயலியில் ‘பதிவு செய்’ பொத்தானுக்கு அடியில், அமுக்குகிற பொத்தான் என்று தெரியும்படி, நிழல் போடுவது. மேலாளர் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் மெலிசாக்கும்மா.”

மார்ச் 5
மெலிசாக்கினேன். “இன்னும் கொஞ்சம்.” ஆபீசில் அவருக்குப் பெயரே அதுதான்.

மார்ச் 9
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருக்கிறது. இன்று மூன்று மணி நேரக் கூட்டம். நிழலில் கருப்பு எட்டு சதவீதமா, ஆறா? புரோகிராமர், “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார். எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். நானும்தான். எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

மார்ச் 12
ஒப்பிட்டுப் பார்க்க நிழலை அணைத்தவள், திரும்பப் போட மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். ‘இன்னும் கொஞ்சம்’ சார் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தார். “இதான். இப்பத்தான் உயிர் வந்திருக்கு.”

சொல்லியிருக்கலாம். ஆனால் நிரந்தரமாக இன்னும் பத்தொன்பது நாள்தானே? வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 20
செயலியின் புதிய பதிப்பு வெளியானது. கேக் வெட்டினார்கள்.

மார்ச் 24
அப்பா போன் செய்தார். கண் பரிசோதனைக்குப் பதிவு செய்ய மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறாராம்.

“பேரு, தேதி எல்லாம் போட்டுட்டேன். அப்புறம் எங்கம்மா அமுக்கறது?”

“கீழ ‘பதிவு செய்’னு இருக்குல்லப்பா, அதுதான்.”

“அதுவா? நான் தலைப்புன்னு நெனச்சேன். எந்தப் புண்ணியவான் பண்ணான்?”

அதற்குள் அவர் கேட்ட நாள் நிரம்பிவிட்டது. அடுத்தது மே நான்கு. இடது கண் ஏற்கெனவே மங்கல். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி ஆயிருக்கும்?

மார்ச் 26
பதிவுகள் பாதியாகிவிட்டன. அவசரக் கூட்டம். ‘இன்னும் கொஞ்சம்’ சார் நெற்றியைத் தடவிக்கொண்டே, “நிழல் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சோ? இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாப்போமா?” என்றார்.

“சார், அதுல நிழலே இல்ல. பன்னெண்டாம் தேதி நான் போட மறந்துட்டேன்.”

திரையை வெகுநேரம் பார்த்தார். “இல்லையே, எனக்குத் தெரியுதே.”

புரோகிராமர் இருமினார். அன்று மாலையே நானும் அவருமாக நல்ல கருப்பாக ஒரு நிழலைப் போட்டு ஏற்றினோம். யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச் 31
பதிவுகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. எனக்குக் கடிதம்: சோதனைக் காலம் மேலும் மூன்று மாதம். காரணம், ‘நுணுக்கமான பார்வை போதாது.’

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் புண்ணியவான் நான்தான் என்பது உட்பட. “வேலை இருக்குல்லம்மா?” என்று மட்டும் கேட்டார்.

இருக்கு என்றேன்.