யாரும் தின்னாத ஆடு

செவ்வாய், இரவு

ஊர் போய்ச் சேர்ந்ததும் எப்போதும் ஃபோன் பண்ணும் அத்தா இன்று பண்ணவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். “அப்பவே வந்துட்டாக. ஒண்ணும் சாப்பிடாமப் படுத்துட்டாக. என்னடி சொன்ன?” என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

தேனிச் சந்தைக்கு வந்தவர் மத்தியானம் மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாமென்று என் ஆய்வகத்துக்கும் வந்தார். உத்தமபாளையத்துக் கறிக்கடைக்காரர் அல்லவா, நேராக அங்கே கட்டியிருந்த ஆட்டிடம்தான் போனார். மூச்சுக்குழாய் சுருங்கிய நோயாளிகளுக்கு வைக்கப்போகும், குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டை முதலில் இதற்கு வைத்திருக்கிறோம் என்றேன். உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று நாளை அறுத்துப் பார்க்க வேண்டும்.

“கறி?”

“எரிச்சிருவாகத்தா. யாரும் திங்கக் கூடாது.”

ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஆடு அறுத்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

“சாகடிக்கிறது யாரு? நீயா?”

“ஆமாத்தா. ஊசி போட்டு.”

“பிஸ்மி சொல்லுவியா தாயி?”

கத்தி வைக்குமுன் அல்லாஹ் பேரைச் சொல்லும் பிஸ்மியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “இது கறிக்கடை இல்லத்தா” என்றேன். டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

சொல்வேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் தின்னாத உயிருக்கு அல்லாஹ் பேரை எதுக்குச் சொல்ற என்று அவர் கேட்டிருந்தால்?

ஒவ்வொரு தடவையும் மாஸ்க்குக்குள் பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன். கூட நிற்பவர்களுக்குக் கேட்காது. தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதால் ஆட்டுக்கு மட்டும் கேட்கும்.