நான் மாற்றி எழுதிய ஊர்

அண்ணை,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் குளிர்காலத்துக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். பச்சை மரத்தின் மணம் என் சமையலறை வரை வந்தது. தேநீரைக் குடிக்க ஏலாமல் வைத்துவிட்டேன். நீங்கள் கண்மூடி ஆறு மாதமாகிறது.

இரண்டாயிரமாம் ஆண்டு, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு அங்கால் ஒரு காட்டோர அகதி முகாமில், முன்பின் அறியாத நமக்கு ஒரே அறை கிடைத்தது. முதல் நாளே ஜன்னலைத் திறந்து மரங்களை அளந்து பார்த்து, "இதை வெட்ட ரெண்டு மாசம் காணும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் யாழ்ப்பாண டவுன்காரன். கோடரியைத் தொட்டதே இல்லை.

பிறகுதான் கதை வந்தது. வன்னி எல்லைக் காட்டில் முதன்முதல் குடியேறிய பன்னிரண்டு குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்று. கலியாணம் முடிந்த பத்தாம் நாள் உங்கள் மனைவியோடு, நான் போனில் அக்கா என்று கூப்பிடுகிறவரோடு, ட்ரக்டர் பெட்டியில் போய் இறங்கினீர்கள். புதிதாக வரும் குடும்பத்துக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து முதலில் கிணறு வெட்டிக் கொடுப்பீர்களாம். தண்ணீர் கண்ட பிறகுதான் வீடு. மலேரியா உங்கள் மூத்த பிள்ளையைக் கொண்டுபோனது. மூன்றாம் விளைச்சல் வெட்டுகிற நேரம் ஆமிக்காரர் ஒலிபெருக்கியோடு வந்து, ஒரே நாளில் எழும்பச் சொன்னார்கள்.

அகதி விண்ணப்பத்துக்கு 'கேஸ்' எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தீர்கள். முகாமில் கொஞ்சம் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரிந்தவன் நான்தான். பெரிய அறிவாளி என்ற நினைப்பு, இந்த மடையனுக்கு.

"அண்ணை, உந்தக் காட்டூரை வரைபடத்தில தேடினாலும் காணேலாது. நம்பமாட்டாங்கள். யாழ்ப்பாணம் எண்டு போடுவம்."

"பொய்யெல்லே, தம்பி?"

"எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறவை. நீங்கள் பேசாமல் இருங்கோ."

என் தெருவையும் என் பள்ளிக்கூடத்தையும் உங்களுக்குப் பாடமாக்கினேன். விசாரணையில் அதிகாரி கேட்டது ஒரு சின்னக் கேள்வி: பஸ் நிலையத்தில் இறங்கினால் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? நீங்கள் வாயடைத்துப் போனீர்கள். பொய்க்காரன் என்று நிராகரித்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்களோ தெரியாது. ஆனால் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தால் விடியும்வரை பேசியிருப்பீர்கள்.

உண்மையைச் சொல்லி அப்பீல் போடுவோம் என்றேன். "வேண்டாமடா. எழுதினது ஆரெண்டு கேப்பாங்கள். உன்ர கேஸும் நாசமாப் போகும்" என்றீர்கள். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, அண்ணை. வெட்கமாக இருக்கிறது. ஒரே வருடத்தில் என் கேஸ் வென்றது. உங்களுக்குக் கிடைத்தது 'டுல்டுங்', மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தருகிற தற்காலிகக் கடதாசி. அதை வைத்துக்கொண்டு அக்காவை இங்கே எடுப்பிக்க முடியாது. ஆறு வருடம் அப்படியே இருந்தீர்கள். சித்திரையில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

போன கிழமை வவுனியா முகாமிலிருந்து அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட ஊரின்ர பேரையும் சிங்களத்தில மாத்திப்போட்டாங்கள். இவர் அங்க விசாரணையில எங்கட ஊரைச் சொல்லியிருப்பார் என்ன? அந்த நாட்டிலயெண்டாலும் எழுத்தில கிடக்குமெல்லே?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஓம் அக்கா. எல்லாம் சொன்னவர்."

அக்கா விம்மினார். "எனக்கு இது காணும், தம்பி. இனி வேறொண்டும் வேண்டாம்" என்றார்.

என் முதல் பொய்யை நீங்கள் சாகும்வரை சுமந்தீர்கள், அண்ணை. இதை நான் சுமக்கிறேன்.